வாயிலில்லா மாளிகை

வெற்றிக்குத் தூண் நாட்டிய வேந்தர்களை வரலாறு அறியும். வீழ்ந்த பகைவனின் பொருளைக் கொண்டு வளைவுகள் எழுப்பிய தளபதிகளையும் அது அறியும். பாரிசிலே வெற்றி வளைவு நிற்கிறது. இலண்டனிலே நெல்சனின் தூண் நிற்கிறது. பெர்லினிலேயே 1873-ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட வெற்றித் தூண், பொன்முலாம் பூசிய பெண்ணுருவைத் தலையிலே தாங்கி நிற்கிறது. ‘நாம் வென்றோம்! நாம் வென்றோம்!’ என்று விண்ணதிரக் கூவுகின்றன அவை. ஆனால், ‘நம்மோடு வாழ்ந்தவர்களை நாம் விரட்டினோம், நாமே கொன்றோம்’ என்பதை மறைக்காமல் எடுத்துரைக்க, ஒரு நாடு தன் தலைநகரத்திலே மாளிகை கட்டி, வாருங்கள், பாருங்கள் என்று உலகத்தாரை அழைக்கிறதென்றால், அது வியப்பன்றோ!

அத்தகைய மாளிகை ஒன்று உண்டு. பெர்லின் மாநகரில், குரோய்ட்ஸ்பெர்க் பகுதியில், லிண்டன் தெருவில் அது இருக்கிறது. யூத அருங்காட்சியகம் என்பது அதன் பெயர். பகுத்தறிவு வழி நிற்கும் இளைஞர்கள் அதனை அறிந்துகொள்ள வேண்டும். ஆகவே, அந்த மாளிகையின் கதையையும், அதன் சுவர்கள் சொல்லும் கதையையும் இங்கே எடுத்துரைக்க முற்படுகிறோம்.

அங்கே இரு கட்டிடங்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று பழையது. 1735-ஆம் ஆண்டு, பிரஷ்ய மன்னன் முதலாம் பிரெடரிக் வில்லியத்தின் ஆட்சியில் எழுந்தது. மஞ்சள் வண்ணச் சுவர், ஒழுங்கான சாளர வரிசை, நடுவிலே வாயில். அரசாட்சியின் மிடுக்கு அதன் முகத்திலே தெரியும். நெடுங்காலம் அது நீதிமன்றமாக இருந்தது. இரண்டாம் உலகப் போரிலே குண்டுவீச்சுக்கு இரையாகிப் பின்னர் செப்பனிடப்பட்டது. மற்றொன்று புதியது, 1999-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. துத்தநாகத் தகடு போர்த்திய மேனி. வானத்து மின்னலை மண்ணிலே கிடத்தினாற்போல் ஒடிந்தொடிந்து செல்லும் வடிவம். சாளரங்களோ, கத்தி கீறிய காயங்கள் போன்ற பிளவுகள். இந்தப் புதிய மாளிகைக்குத் தெருவிலிருந்து நுழைய வாயிலே இல்லை!

வாயில் இல்லையேல் உள்ளே செல்வது எங்ஙனம்? பழைய நீதிமன்றத்துக்குள் நுழைய வேண்டும். அங்கிருந்து படிகளிலே இறங்கி, மண்ணுக்கு அடியிலே நடந்து, புதிய மாளிகையை அடைய வேண்டும். தரைக்கு மேலே இரண்டுக்கும் தொடர்பு ஏதும் தெரிவதில்லை. தரைக்குக் கீழேயோ, ஒன்றிலிருந்துதான் மற்றொன்றுக்குச் செல்ல முடியும். ஜெர்மானியர் வரலாறு வேறு, யூதர் வரலாறு வேறு என்று மேற்போக்காகப் பார்ப்பவன் கூறிவிடுவான். ஆழ இறங்கிப் பார்ப்பவனுக்குத்தான் இரண்டும் ஒரே வேரில் பின்னிக் கிடப்பது விளங்கும். இந்தக் கருத்தை ஏட்டிலே எழுதாமல் படிக்கட்டிலே எழுதிக் காட்டியிருக்கிறான் அந்தக் கட்டிடக் கலைஞன்.

அவன் பெயர் டேனியல் லீபஸ்கின்ட். போலந்து நாட்டு லோட்ஸ் நகரில் 1946-ஆம் ஆண்டு பிறந்தவன். அவனுடைய பெற்றோர் கொடுமைக்குத் தப்பியவர்கள். சுற்றத்தாரிலே பலர் தப்பாதவர்கள். இளமையிலே இசை பயின்று, பின்னர் கட்டிடக் கலைக்கு வந்தவன். பெர்லின் ஆட்சிமன்றம் நடத்திய போட்டியில் 1989-ஆம் ஆண்டு அவனுடைய வரைபடம் முதலிடம் பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் பெர்லின் சுவர் திறந்தது. இரு துண்டான நகரை ஒன்றாக்கவே பணம் போதவில்லை, இந்த மாளிகை இப்போது எதற்கு என்ற பேச்சு எழுந்து, 1991-ஆம் ஆண்டு ஆட்சிமன்றம் திட்டத்தைக் கைவிடவும் முடிவு செய்தது. எதிர்ப்புக் குரல் எழுந்தது, முடிவு மாறிற்று. 1992 நவம்பர் 9-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. ‘கோடுகளுக்கு இடையே’ என்று தன் படைப்புக்கு அவன் பெயர் சூட்டினான். ஒரு கோடு ஒடிந்து ஒடிந்து செல்கிறது; அதுதான் கட்டிடம். மற்றொரு கோடு நேராக அதை ஊடுருவிச் செல்கிறது, அதுதான் வெற்றிடம். அந்த வெற்றிடத்தைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

கீழே இறங்கியதும் மூன்று பாதைகள் தென்படுகின்றன. ஒன்று தொடர்ச்சியின் பாதை. மற்றொன்று நாடு துறந்தோர் பாதை. மூன்றாவது பேரழிவின் பாதை. மூன்றும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. தளமோ சமனாக இல்லை, சரிந்து கிடக்கிறது. மூன்று பாதைகளிலும் நடப்போம். ஆனால் அதற்கு முன், அந்தப் பாதைகள் எங்கிருந்து தொடங்குகின்றன என்பதை அறிய வேண்டாமா?

கி.பி. 321-ஆம் ஆண்டு, உரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் பிறப்பித்த ஆணையிலே, கொலோன் நகர மன்றப் பொறுப்புக்கு யூதர்களையும் அழைக்கலாம் என்று கூறப்பட்டுள்ளது. ஆக, இன்று ஜெர்மனி என்று நாம் அழைக்கும் மண்ணிலே யூதர் வாழ்ந்ததற்கு 1,700 ஆண்டுச் சான்று உண்டு. அவர்களை ‘வந்தேறிகள்’ என்றான் பின்னாளிலே ஒருவன்! அவனே ஆஸ்திரியாவிலிருந்து வந்தவன்!

அந்த நெடிய வாழ்விலே அவர்கள் பட்ட பாடு கொஞ்சமா? 1096-ஆம் ஆண்டு, புனிதப் போருக்குப் புறப்பட்டதாகக் கூறிக்கொண்ட கூட்டம், எருசலேமுக்குப் போகும் வழியிலே வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களின் யூதர்களை வெட்டிச் சாய்த்தது. 1215-ஆம் ஆண்டு, உரோமில் கூடிய திருச்சபைப் பேரவை, யூதர்கள் வேறுபட்ட உடை உடுத்திப் பிறரிடமிருந்து பிரித்தறியப்பட வேண்டும் என்று விதித்தது. 1348, 1349-ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடியபோது, நோயின் காரணம் அறியாத மக்களிடம், ‘யூதன் கிணற்றிலே நஞ்சிட்டான்’ என்ற பொய் பரப்பப்பட்டது. ஸ்ட்ராஸ்பர்க் நகரிலே பல நூறு யூதர்கள் நெருப்பிலே இடப்பட்டனர். திருச்சபையின் ஊழலை எதிர்த்துச் சீர்திருத்தம் பேசினாரே மார்ட்டின் லூதர், அவராவது அன்பு காட்டினாரா? இல்லை. 1543-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூல், யூதர்களின் தொழுகைக் கூடங்களைக் கொளுத்தச் சொல்லிற்று. பழைய குருமாரை எதிர்த்தவர் என்பதாலேயே ஒருவர் எல்லா இருளையும் எதிர்த்தவராகிவிட மாட்டார் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1671-ஆம் ஆண்டு வியன்னாவிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களில் செல்வ வளமுடைய 50 குடும்பங்களைத் தன் நாட்டிலே குடியேற பிராண்டன்பர்க் ஆட்சியாளன் இசைவு தந்தான். அன்பினால் அன்று, வணிகம் பெருகும், வரி பெருகும் என்பதனால்! பெர்லின் யூதர்களின் புதிய வாழ்வு அவ்வாறு தொடங்கிற்று. அந்த நகருக்கு 1743-ஆம் ஆண்டு, டெசாவ் நகரிலிருந்து 14 வயதுச் சிறுவன் ஒருவன் கல்வி தேடி வந்தான். மோசஸ் மெண்டல்சோன் அவன் பெயர். ஏழை; உடலிலே கூன்; ஊன்றி நிற்கச் செல்வாக்கு ஏதுமில்லை. அறிவு ஒன்றே துணை. 1763-ஆம் ஆண்டு பிரஷ்ய அறிவியற் கழகம் நடத்திய கட்டுரைப் போட்டியிலே அவன் முதற் பரிசு பெற்றான். அவனுக்கு அடுத்த நிலையிலே வைக்கப்பட்டவர் யார் தெரியுமா? பேரறிஞர் இமானுவேல் கான்ட்! கழகம் 1771-ஆம் ஆண்டு அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது; அறிவொளி அரசன் என்று புகழப்பட்ட இரண்டாம் பிரெடரிக் அதற்கு ஒப்புதல் தரவில்லை. அறிவுக்கு ஒளி உண்டு. அரியணைக்குத்தான் கண் இல்லை. எனினும் அவருடைய நண்பர் லெசிங், 1779-ஆம் ஆண்டு ‘அறிஞன் நாதன்’ என்ற நாடகத்திலே, அவரை மனத்திற்கொண்டு ஒரு யூதனைச் சான்றோனாகப் படைத்து, சமயங்களின் சண்டைக்கு அறிவு வழியிலே விடை கூறினார்.

1812-ஆம் ஆண்டு பிரஷ்யா யூதர்களைக் குடிமக்களாக ஏற்றது. 1871-ஆம் ஆண்டு ஜெர்மன் பேரரசு அமைந்தபோது, சட்டத்தின் முன் சமநிலை நாடெங்கும் உறுதியாயிற்று. மருத்துவத்தில், சட்டத்தில், இசையில், அறிவியலில், வாணிகத்தில் அவர்கள் சிறந்தனர். முதல் உலகப் போரிலே ஏறத்தாழ 1,00,000 யூதர்கள் ஜெர்மன் படையிலே பணியாற்றினர்; ஏறத்தாழ 12,000 பேர் உயிர் கொடுத்தனர். அப்போதுகூட, 1916-ஆம் ஆண்டு, போர்முனையிலே யூதன் நிற்கிறானா, பதுங்குகிறானா என்று கணக்கெடுக்க ஆணையிட்டது படைத்துறை. எடுத்த கணக்கைப் போர்க்காலத்திலே வெளியிடவும் இல்லை. பழியைப் பரப்பக் கணக்கு வேண்டும். பழியைத் துடைக்கக் கணக்கு வேண்டாம்! பழி சுமத்துவோரின் முறை எந்நாட்டிலும் இதுவே.

இங்கே நாம் ஒரு சொல்லை நிறுத்தி விசாரிக்க வேண்டியிருக்கிறது. ‘ஆரியம்’ என்ற சொல் அது. நம் ஏடுகளிலே அடிக்கடி இடம்பெறும் சொல். ஆகவே இந்த விசாரணை நமக்கும் உரியது. வடமொழியிலே வழங்கிய அந்தச் சொல்லை, 19-ஆம் நூற்றாண்டிலே ஐரோப்பிய மொழியியலார் ஒரு மொழிக் குடும்பத்துக்குப் பெயராக எடுத்துக்கொண்டனர். கால்டுவெல் 1856-ஆம் ஆண்டு திராவிட மொழிகளின் தனித்தன்மையை நிலைநாட்டியதும் மொழியின் அடிப்படையிலேதான். ஆனால் பிரான்சு நாட்டு கோபினோ, 1853 முதல் 1855 வரை வெளியிட்ட நூலிலே, ஆரியர் என்போர் குருதியாலே உயர்ந்த இனம் என்று கதை கட்டினார். மொழியின் பெயர் குருதியின் பெயராயிற்று. மொழியைக் குறிக்கத்தான் அந்தச் சொல், மண்டையோட்டையும் மயிரையும் குறிக்க அன்று என்று மாக்ஸ் முல்லர் 1888-ஆம் ஆண்டு எச்சரித்தார். கேட்பார் யார்? 1879-ஆம் ஆண்டிலேயே வில்கெல்ம் மார் என்பவன், யூத வெறுப்புக்குச் ‘செமிட்டிய எதிர்ப்பு’ என்று அறிவியல் மணம் கமழும் பெயர் சூட்டிப் பரப்பத் தொடங்கிவிட்டான். முன்பு, ‘எங்கள் தேவனை ஏற்காதவன்’ என்று அடித்தார்கள். ஞானமுழுக்குப் பெற்றால் விட்டார்கள். இப்போதோ, ‘எங்கள் குருதி அல்லாதவன்’ என்றார்கள். குருதியை எந்த நீரிலே முழுக்கி மாற்றுவது?

1933 ஜனவரி 30-ஆம் நாள் இட்லர் ஆட்சித் தலைவன் ஆனான். அந்நாளிலே ஜெர்மனியில் வாழ்ந்த யூதர் ஏறத்தாழ 5,00,000 பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஏப்ரல் 1-ஆம் நாள் யூதர் கடைகளுக்கு எதிராகப் புறக்கணிப்பு. ஏப்ரல் 7-ஆம் நாள், ‘ஆரியர் அல்லாதார்’ அரசுப் பணியிலிருந்து நீக்கப்பட வேண்டும் என்று சட்டம். பாட்டன் பாட்டி நால்வரில் ஒருவர் யூதராயினும் போதும், அவன் ஆரியன் அல்லன் என்று நான்கு நாள் கழித்து விளக்கம். மே 10-ஆம் நாள் பெர்லின் இசையரங்கச் சதுக்கத்திலே நூல்கள் எரிந்தன. எரித்தவர்களிலே முன்னின்றோர் பல்கலைக்கழக மாணவர்கள்! 1935 செப்டம்பர் 15-ஆம் நாள் நூரம்பர்க் சட்டங்கள்: யூதன் இனிக் குடிமகன் அல்லன், யூதரும் ஜெர்மானியரும் மணந்துகொள்ளக் கூடாது, காதலித்தால் சிறை.

இளைஞர்களே, இந்தச் சட்டத்தின் அடிமடியைச் சற்று அவிழ்த்துப் பாருங்கள். குருதி வேறு, குருதி வேறு என்று கூவினார்களே, ஒருவன் யூதன் என்பதை அவன் குருதியைச் சோதித்தா கண்டுபிடித்தார்கள்? அவர்களால் இயலவில்லை. பெர்லினிலே 1927-ஆம் ஆண்டு முதல் மானிடவியல் ஆய்வகம் இருந்தது, பேராசிரியர்கள் இருந்தார்கள், மண்டையோட்டை அளக்கும் கருவிகள் இருந்தன. ஆயினும் இறுதியிலே அவர்கள் எதை நாடினர் தெரியுமா? தேவாலயப் பதிவேட்டை! பாட்டனும் பாட்டியும் எந்தச் சமயக் குழுவைச் சேர்ந்தவர் என்பதை அந்தப் பழைய ஏடுகளிலே தேடி, நால்வரில் மூவரோ நால்வருமோ யூதச் சமயத்தார் எனில், பேரன் யூத ‘இனத்தான்’ என்று தீர்ப்பளித்தனர். குருதி என்று தொடங்கி, கோயிற் கணக்கிலே முடித்த இந்த மோசடியைத்தான் அன்று அறிவியல் என்றார்கள். பட்டம் பெற்றோர் அதற்கு முத்திரை குத்தினார்கள்; வழக்கறிஞர்கள் விளக்கவுரை எழுதினார்கள்; எழுத்தர்கள் படிவம் நிரப்பினார்கள்.

மதவெறி ஒன்றே நம் பகை என்று எண்ணிவிட்டால், நாம் பாதிப் பாடம்தான் படித்தவர்கள். அறிவியலின் உடையை உடுத்திக்கொண்டு வரும் பொய்யும் பகையே. அதைவிட முதன்மையானது மற்றொன்று. ஆரிய ஆதிக்கம் என்று நாம் கூறும்போது, பிறப்பினால் ஒருவனை உயர்ந்தோன் என்றும் மற்றவனைத் தாழ்ந்தோன் என்றும் பிரிக்கும் ஏற்பாட்டைத்தான் சுட்டுகிறோம், எவருடைய குருதியையும் சுட்டவில்லை, சுட்டவும் கூடாது. பிறப்பை அளவுகோலாக்கிய கொடுமையை, அதே அளவுகோலைக் கையிலெடுத்து ஒழித்துவிட முடியாது. குருதியிலே மேன்மை தேடுபவன் எந்தப் பெயரைச் சூடிக்கொண்டாலும் அவன் பேசுவது இட்லரின் மொழியே.

இனி, மாளிகையின் பாதைகளிலே நடப்போம்.

நாடு துறந்தோர் பாதை வெளியே ஒரு தோட்டத்தில் முடிகிறது. தோட்டமென்றால் பூவும் புல்வெளியும் அல்ல. 49 கற்காரைத் தூண்கள், உயரமாக, நெருக்கமாக, ஏழேழாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் செடி. எட்டாத உயரத்திலே பச்சை! 48 தூண்களுக்குள் பெர்லின் மண். நடுவிலுள்ள ஒன்றிலே எருசலேம் மண். தரை சரிந்து கிடக்கிறது. தூண்களும் அதற்கேற்பச் சாய்ந்து நிற்கின்றன. நடந்தால் தலை சுற்றுகிறது. நிமிர்ந்து நிற்கிறோமா, சாய்ந்து நிற்கிறோமா என்பதே ஐயமாகிறது. நாடிழந்தவன் நிலை அதுதானே! உயிர் தப்பினான்; ஆனால் கால் ஊன்ற நிலம் நேராக இல்லை.

அவ்வாறு சென்றவர் எத்துணைப் பேர்! ஐன்ஸ்டைன் 1932 டிசம்பரில் ஜெர்மனியை விட்டுச் சென்றார். மீண்டும் திரும்பவே இல்லை. காற்றிலிருந்து உரம் செய்யும் வழி கண்ட வேதியியல் அறிஞர் பிரிட்ஸ் ஹாபர், முதல் உலகப் போரிலே நச்சுப் புகையைக்கூட ஜெர்மனிக்காக ஆக்கித் தந்தவர். அவரும் 1933-ஆம் ஆண்டு பதவி துறந்து வெளியேறி, மறு ஆண்டே பேசல் நகரில் மாண்டார். ‘நான் நாட்டுக்கு இவ்வளவு செய்தேனே’ என்ற வாதம் பிறப்பைப் பார்ப்பவனிடம் செல்லாது.

போக விரும்பியவருக்கெல்லாம் கதவு திறந்திருந்ததா? 1938 ஜூலையில் பிரான்சு நாட்டு எவியான் நகரில் 32 நாடுகள் கூடின. இரங்கல் உரைகள் ஏராளம், இடம் தர முன்வந்தோர் மிகச் சிலர். 1939-ஆம் ஆண்டு ‘செயின்ட் லூயிஸ்’ என்ற கப்பல் 937 பயணிகளுடன் கியூபாவுக்குச் சென்றது. ஏறத்தாழ எல்லோரும் யூத அகதிகள். கியூபா ஒரு சிலரையே இறங்கவிட்டது, அமெரிக்காவும் ஏற்கவில்லை, கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பிற்று. திரும்பியவரில் 250-க்கு மேற்பட்டோர் பின்னர் பேரழிவிலே மாண்டனர். கொலைகாரனின் கத்தி மட்டுமா கொன்றது? அடைத்த கதவும் கொன்றது.

பேரழிவின் பாதை மற்றொரு பக்கம் செல்கிறது. போகப்போகக் குறுகுகிறது, இருள்கிறது. முடிவிலே கனத்த கதவு ஒன்று. அதற்குள்ளே, ஏறத்தாழ 24 மீட்டர் உயரமுள்ள வெறும் கற்காரைக் கோபுரம். விளக்கு இல்லை; குளிருக்குக் காப்பு இல்லை; சிலை இல்லை, எழுத்து இல்லை. உச்சியிலே ஒரு பிளவு. அதன் வழியே கசியும் வெளிச்சம். தெருவின் ஓசை மங்கலாகக் கேட்கிறது. தெருவிலுள்ளோருக்கு உள்ளே இருப்பவர் குரல் கேட்பதில்லை. மனிதர் வாழும் நகரம் சுவருக்கு அப்பால். உதவியோ எட்டாத் தொலைவில்.

இந்தக் கோபுரத்துக்குள் நிற்கும்போது நினைவுக்கு வரவேண்டிய நாட்கள் சில உண்டு. 1938 நவம்பர் 9, 10: ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழுகைக் கூடங்கள் கொளுத்தவும் தகர்க்கவும் பட்டன, ஏறத்தாழ 30,000 ஆண்கள் முகாம்களுக்கு இழுத்துச் செல்லப்பட்டனர், இடித்தவனுக்குத் தண்டனையில்லை, இடிபட்டவன் மீது 100 கோடி மார்க் தண்டம்! 1939 ஜனவரி முதல் யூதப் பெயர் என்று அரசு ஒப்பாத பெயருடைய ஆண்கள் ‘இஸ்ரேல்’ என்றும், பெண்கள் ‘சாரா’ என்றும் தம் பெயரோடு சேர்க்க வேண்டும். 1941 செப்டம்பர் முதல் நெஞ்சிலே மஞ்சள் விண்மீன். 1215-ஆம் ஆண்டின் அடையாளம் 700 ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது! 1941 அக்டோபர் 18: பெர்லின் குரூனவால்ட் நிலையத்திலிருந்து யூதரை ஏற்றிய முதல் தொடர்வண்டி கிழக்கே புறப்பட்டது. 1942 ஜனவரி 20: வான்சே ஏரிக்கரை மாளிகையிலே 15 பேர் கூடி, ஐரோப்பிய யூதர் அனைவரையும் ஒழிக்கும் வேலையை எந்தெந்த அலுவலகம் எவ்வாறு செய்வது என்று ஆய்ந்தனர். அந்தப் பதினைவரில் எண்மர் முனைவர் பட்டம் பெற்றவர்கள்! காட்டுமிராண்டிகள் செய்தார்கள் என்று கூறித் தப்பித்துக்கொள்ள வழியில்லை. கற்றவர்கள் கோப்பு வைத்துச் செய்தார்கள். மாண்ட யூதர் ஏறத்தாழ 60 இலட்சம். பெர்லினிலே 1933-ஆம் ஆண்டு ஏறத்தாழ 1,60,000 யூதர் வாழ்ந்தனர். 1945-ஆம் ஆண்டு போர் முடிந்தபோது அந்நகரிலே எஞ்சியோர் ஏறத்தாழ 8,000.

மூன்றாவது, தொடர்ச்சியின் பாதை. மூன்றிலும் நீளமானது அதுதான். செங்குத்தான நெடிய படிக்கட்டிலே ஏறிச் சென்றால் வாழ்வின் வரலாறு விரிகிறது. நூல்கள், கடிதங்கள், வீட்டுப் பொருள்கள், ஓவியங்கள். இந்த அருங்காட்சியகம் சாவை மட்டும் காட்டுவதன்று. பல நூற்றாண்டு வாழ்வைக் காட்டுவது. கொல்லப்பட்டவர்களைப் பிணங்களாக மட்டும் நினைப்பதும் அவர்களுக்குச் செய்யும் அநீதியே அல்லவா? அவர்கள் பாடினார்கள், வாணிகம் செய்தார்கள், வழக்காடினார்கள், காதலித்தார்கள். அவ்வாறு வாழ்ந்தவர்கள் என்பது தெரிந்தால்தான் இழப்பின் அளவு தெரியும்.

அந்தக் காட்சிக் கூடங்களின் நடுவே, முன்பே கூறிய வெற்றிடம் குறுக்கிடுகிறது. அடித்தளத்திலிருந்து கூரைவரை, ஒன்றுமே வைக்கப்படாத ஐந்து வெற்றுக் குழிகள் கட்டிடத்தைத் துளைத்து நிற்கின்றன. சிலவற்றைச் சாளரம் வழியே எட்டிப் பார்க்கலாம். உள்ளே செல்ல இயலாது. இத்தனை செலவிலே மாளிகை கட்டி இத்தனை இடத்தைக் காலியாக விடுவதா என்று கேட்கத் தோன்றும். ஆனால், இல்லாதவரை எந்தக் கண்ணாடிப் பேழையிலே வைத்துக் காட்டுவது? எழுதப்படாத நூலை, பிறக்காத குழந்தையை, கண்டுபிடிக்கப்படாத மருந்தை எந்தச் சுவரிலே மாட்டுவது? இன்மையை இன்மையாகவே காட்டினான் கலைஞன்.

குழிகளில் ஒன்றிலே மட்டும் நாம் நடக்கலாம். மெனாஷே கடிஷ்மான் என்ற இஸ்ரேல் நாட்டுச் சிற்பியின் ‘உதிர்ந்த இலைகள்’ அங்கே பரப்பப்பட்டிருக்கின்றன. 10,000-க்கு மேற்பட்ட இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றும் வாய் பிளந்த மனித முகம். அவற்றின் மீதுதான் நடக்க வேண்டும். அடி வைத்தால் இரும்பு ஓலமிடுகிறது. யூதர்களுக்காக மட்டுமன்றிப் போரினாலும் வன்முறையினாலும் மாண்ட எல்லோருக்காகவும் அதனைப் படைத்ததாகச் சிற்பி அறிவித்தார். மிதிக்காமல் கடக்க வழியில்லை. மிதித்தால் ஓசை எழாமல் இருப்பதில்லை.

சிலைக்கு முன் விழுந்து வணங்காத நாம், இத்தகைய அடையாளக் கட்டிடத்தை மட்டும் போற்றுவது பொருந்துமா என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானது. கோயிற் கோபுரம் மனிதனைச் சிறியவனாக்கி, குனியச் செய்து, கேள்வியை நிறுத்துகிறது. இந்த மாளிகையோ மனிதனைத் தடுமாறச் செய்து, ‘ஏன்?’ என்ற கேள்வியை எழுப்புகிறது. எனினும் எச்சரிக்கை தேவை. அடையாளம் தானாக அறிவு ஊட்டிவிடாது. இருட்டுக் கோபுரத்திலே நின்று ஒரு பெருமூச்சு விட்டு, வெளியே வந்ததும் அண்டை வீட்டானின் பிறப்பைப் பேசுபவனுக்கு அந்தக் கோபுரமும் ஒரு கோயிலே. அந்தப் பெருமூச்சும் ஒரு சடங்கே. கட்டி முடித்த பின் காட்சிப் பொருள் எதுவும் வைக்காமலேயே மாளிகையை மக்களுக்குத் திறந்து காட்டினர். ஏறத்தாழ 3,50,000 பேர் அந்த வெறும் சுவர்களைக் காண வந்தனர். அப்படியே விட்டுவிடலாம் என்றுகூடச் சிலர் கூறினர். ஆனால் 2001 செப்டம்பரில் வரலாற்றுக் காட்சியோடுதான் அது திறக்கப்பட்டது. அது சரியான முடிவு என்றே நாம் கருதுகிறோம். உணர்ச்சி கதவைத் தட்டும். உள்ளே அமர்ந்து பாடம் சொல்ல வேண்டியது வரலாறு.

பெர்லினிலே இதற்கு முன்பும் ஒரு யூத அருங்காட்சியகம் இருந்தது. ஒரானியன்பர்க் தெருவிலே 1933 ஜனவரி 24-ஆம் நாள் திறந்தார்கள். ஆறே நாளில் இட்லர் ஆட்சிக்கு வந்தான். 1938 நவம்பரில் அதை இழுத்து மூடினார்கள். புதிய அருங்காட்சியகத்தைத் தொடக்க இயக்குநராக இருந்து நடத்தியவர் மைக்கேல் புளூமென்தால். பெர்லினுக்கு அருகே ஒரானியன்பர்க் ஊரில் 1926-ஆம் ஆண்டு பிறந்து, 1939-ஆம் ஆண்டு பெற்றோருடன் ஷாங்காய்க்குத் தப்பி, பின்னர் அமெரிக்காவின் நிதியமைச்சராக உயர்ந்தவர். விரட்டிய நகரத்துக்கே திரும்பி வந்து அதன் வரலாற்றை அதற்கே கற்பித்தார்.

எதிர்ப்பே இல்லையா, எல்லோரும் வாய்மூடி நின்றார்களா என்று கேட்பீர்கள். பெரும்பாலோர் வாய்மூடித்தான் நின்றனர். ஆனால் 1943 பிப்ரவரி இறுதியில், யூதர் அல்லாத பெண்களை மணந்திருந்த யூத ஆண்கள் உள்ளிட்ட ஏறத்தாழ 2,000 பேரைப் பிடித்து, பெர்லின் ரோசன் தெருக் கட்டிடத்திலே அடைத்தார்கள். அவர்களுடைய மனைவியர் தெருவிலே கூடினர். ‘எங்கள் கணவரை விடு’ என்று நாள்தோறும் நின்றனர். அடைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் விடுவிக்கப்பட்டனர். அந்தப் பெண்களின் போராட்டந்தான் காரணமா என்பதிலே வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒன்றிலே வேறுபாடில்லை: நாஜி ஆட்சியின் தலைநகரிலே, படைக்கலம் ஏதுமின்றி அவர்கள் நின்றார்கள்! இனம் கடந்து மணந்தவர்கள், சட்டம் தடுத்த உறவை நெஞ்சிலே காத்தவர்கள்.

அருங்காட்சியகத்துக்கு எதிரே, 2012-ஆம் ஆண்டு திறந்த ஆய்வுக் கழகக் கட்டிடத்தின் முகப்பிலே, இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிசின் கருத்து ஒன்று பல மொழிகளிலே எழுதப்பட்டது. சொல்பவன் யார் என்று பாராதே, சொல்லில் உண்மை உண்டா என்று பார் என்பது அதன் பொருள். நம் வள்ளுவர் வற்புறுத்தியதும் அதுவே. பிறப்பைக் கேட்காமல் பொருளைக் கேட்கும் அந்த ஒரு பழக்கம் ஜெர்மன் பல்கலைக்கழகங்களிலே 1933-ஆம் ஆண்டு நிலைத்திருந்தால், நூல்களும் எரிந்திரா, மனிதரும் எரிந்திரார்.

தோழர்களே, கொடுமை ஒரே நாளிலே கோபுரமாக எழுந்துவிடுவதில்லை. முதலிலே ஒரு கேலிப் பெயர், அடுத்து ஒரு பொய்க் கணக்கு, பிறகு ஒரு படிவம், பிறகு மணத்துக்குத் தடை, பிறகு குடியிருக்கத் தடை, கடைசியிலேதான் தொடர்வண்டி. கடைசிப் படியிலே நின்று கதறுவதைவிட, முதற் படியிலே நின்று தடுப்பது எளிது. உங்கள் தெருவிலே, உங்கள் பள்ளியிலே, உங்கள் வீட்டிலேயே ஒருவன் மற்றவனுடைய பிறப்பைக் கேட்டு இடம் ஒதுக்கும்போது, அது சிறு பேச்சுதானே என்று கடந்து போகாதீர்கள். அங்கேயே நிறுத்துங்கள், ஆதாரம் கேளுங்கள், எங்கே அந்தக் குருதி, காட்டு என்று கேளுங்கள். அவனால் காட்ட முடியாது. 1935-ஆம் ஆண்டு பேராசிரியர்களாலும் காட்ட முடியவில்லை. அந்தக் கேள்வியை அன்று உரக்கக் கேட்க ஆளில்லாமற் போயிற்று என்பதுதான் அந்த வாயிலில்லா மாளிகை உலகத்துக்குச் சொல்லும் செய்தி.